நான்கு மூலைக் கிணறும் ஒரு ஃப்ளாப்பியும்



"ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதிக் கொடுங்கண்ணே" என்று மாணவர் சங்கத் தம்பி ஒருவர் போன் செய்தார். "கவிதை நமக்கு வராது தம்பி, கட்டுரைன்னா கான்கிரீட் கலவை விகிதம்தான் எழுத வரும்" என்றேன். "அப்ப உங்க காலத்துல நடந்த எதையாவது எழுதுங்க" என்றார். 'உங்க காலம்' என்று அவர் சொன்னதில் எனக்குக் கொஞ்சம் முகம் சுருங்கியது. போகட்டும். நானும் உங்களைப் போல டிப்ளமோக்காரன்தான். சிவில் பிராஞ்ச். கடைசி பெஞ்ச். இரண்டு அரியர். அந்த அரியருக்குப் பணம் கட்டுவதற்காக 1999 பொங்கலுக்கு நான் நடத்திய வாழ்த்து அட்டை வியாபாரத்தைத்தான் இங்கே சொல்லப் போகிறேன். லாப நஷ்டக் கணக்கும் உண்டு. லாபம் எங்கே என்று தேடாதீர்கள்.

என் ஊர் திருவெள்ளறை. சத்திரம் பஸ் ஸ்டாண்டில் துறையூர் பஸ் ஏறி, மண்ணச்சநல்லூர் அரிசி மில்களின் தவிட்டு வாசனையைத் தாண்டிப் போனால் ரோட்டோரமே மதில் தெரியும். வெள்ளைப் பாறையின் மேல் கோயில் இருப்பதால் வெள்ளறை. புண்டரீகாட்சப் பெருமாள். முகப்புக் கோபுரம் பாதியில் நின்றுபோனது. (சிவில் மாணவனின் ஊரில் முடிக்காத கோபுரம்! கிளாஸில் இதை வைத்து என்னைக் கிண்டல் அடிக்காதவன் கிடையாது.) அந்தக் கோயிலுக்கு இரண்டு வாசல். தை முதல் ஆனி வரை உத்தராயண வாசல் திறந்திருக்கும், ஆடி முதல் மார்கழி வரை தட்சிணாயன வாசல். அதனால் எங்கள் ஊரில் பொங்கல் என்றால் பானை மட்டும் இல்லை, பெருமாளைப் பார்க்கப் போகிற வழியே மாறுகிற நாள்.

ஊரில் எங்களுக்கு ஒரு பெட்டிக்கடை. சோப்பு, சீப்பு, வெற்றிலை, பீடி, நோட்டு, பென்சில். மார்கழி பிறந்தால் கடை வாசலில் குறுக்கே சணல் கயிறு கட்டி, துணி காயப்போடும் கிளிப் மாட்டி, அப்பா வாழ்த்து அட்டைகளைத் தொங்க விடுவார். சிவகாசியில் அச்சான அட்டைகள். திருச்சி மொத்தக் கடையில் எடுத்து வருவார். பானை, கரும்பு, மாடு, முருகன், எம்.ஜி.ஆர்., ரஜினி, பூங்கொத்தோடு ஒரு குழந்தை. உங்களில் பலர் இதைப் பார்த்தே இருக்க மாட்டீர்கள். அந்த நாளில் பொங்கலுக்கு ஒரு வாரம் முன்னாலிருந்து தபால்காரருக்குச் சைக்கிளில் ஒரு பை போதாது, இரண்டு பை. அட்டை வராத வீட்டில் அது ஒரு குறையாகவே பேசப்படும். "உன் மாமன் இந்த வருஷம் ஒரு அட்டை கூடப் போடலை பாரு" என்று ஆரம்பித்தால் அது மாட்டுப் பொங்கல் வரை போகும்.

ஒரு முக்கியமான விஷயம். மொத்தக் கடையில் எடுத்த அட்டையைத் திருப்பித் தர முடியாது. விற்றால் காசு, விற்காவிட்டால் பரண். இது எனக்குத் தெரியும். தெரிந்தும் அந்த வருஷம் மறந்துபோனேன்.

இப்போது கம்ப்யூட்டர் லேபுக்கு வருவோம். இரண்டாம் ஆண்டில் எங்களுக்கு வாரம் ஒரு நாள் லேப். செருப்பைக் கழற்றி வாசலில் விட்டுவிட்டுத்தான் போக வேண்டும், ஏதோ கர்ப்பக்கிரகம் மாதிரி. விண்டோஸ் 95 போட்ட நாலைந்து மிஷின்கள். அதில் எம்.எஸ். வேர்டு கிடையாது. விண்டோஸோடு சும்மா வருகிற வேர்ட்பேட் மட்டும் இருந்தது. 1995 வரை விண்டோஸில் 'ரைட்' என்று ஒன்று இருந்ததாம், அதை எடுத்துவிட்டு இதை வைத்தார்கள். எழுத்தைப் பெரிசாக்கலாம், சாய்க்கலாம், கலர் போடலாம், நடுவில் நிறுத்தலாம். அவ்வளவுதான். கட்டம் போட வராது. பார்டர் வராது. எழுத்தைத் தலைகீழாகத் திருப்ப வராது. இந்தக் கடைசி விஷயம்தான் கதையின் உயிர்நாடி, கொஞ்சம் கவனியுங்கள்.

கடையில் வாங்கும் அட்டை கெட்டியாக இருக்கும். நம்மிடம் இருப்பதோ ஏ4 தாள். அதை ஒரு மடிப்பு மடித்தால் தொய்ந்து விழும். நாலாக மடித்தால்தான் கையில் நிற்கும். ஒரு தாளை எடுத்து நாலாக மடித்து, முன்பக்கம் 'அட்டை' என்றும் உள்ளே வலது பக்கம் 'வாழ்த்து' என்றும் பேனாவால் எழுதிப் பிரித்துப் பாருங்கள். இப்போதே செய்யுங்கள், ரஃப் நோட்டில் ஒரு தாள் கிழித்தால் ஒன்றும் குறைந்துவிடாது. இரண்டும் தாளின் ஒரே பக்கத்தில்தான் இருக்கும். ஆனால் ஒன்று நேராக இருந்தால் இன்னொன்று தலைகீழாக இருக்கும். சரியா? வேர்ட்பேடுக்கோ தலைகீழ் எழுத்துத் தெரியாது. நான் இரண்டு லேப் பீரியடு இதிலேயே மண்டையை உடைத்துக்கொண்டேன். பிறகு கடலை தின்றுகொண்டிருந்த ஒரு சாயங்காலம், பொட்டலத் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தபோது புரிந்தது. எழுத்தை ஏன் திருப்ப வேண்டும்? தாளைத் திருப்பினால் போச்சு!

முதலில் முன்பக்கத்துப் படத்தைத் தாளின் வலது கீழ்க் கால் பாகத்தில் அச்சடி. அதே தாளைத் தலைகீழாகத் திருப்பி, அதே பக்கம் அச்சாகும்படி மறுபடியும் பிரிண்டரில் செருகு. வாழ்த்தையும் அதே வலது கீழ்க் கால் பாகத்திலேயே அச்சடி. இரண்டு தடவையும் ஒரே இடம், ஒரே மார்ஜின். இடது பக்கம் 4.5 அங்குலம், மேலே 6.25 அங்குலம். மேல் பாதியைப் பின்னால் மடித்து, பிறகு இடது பாதியைப் பின்னால் மடித்தால் அசல் அட்டை! அந்தச் சாயங்காலம் எனக்கு இருந்த கர்வத்தை இப்போது நினைத்தால் சிரிப்பாக இருக்கிறது. ஆர்க்கிமிடீஸ் தொட்டியிலிருந்து எழுந்து ஓடியது போல நான் டீக்கடையிலிருந்து ஹாஸ்டலுக்கு ஓடினேன். (உடையோடுதான்.)

முன்பக்கம் என்ன படம் போடுவது? எல்லோரும் பானை என்றார்கள். 'பெயிண்ட்' என்கிற படம் வரையும் மென்பொருளில் மவுஸைப் பிடித்துப் பானை வரைந்தால் அது எனக்குப் பலாப்பழமாக வந்தது. கரும்பு வரைந்தால் மூங்கில். மாட்டைப் பற்றிச் சொல்ல வேண்டாம். மவுஸில் எனக்கு ஒழுங்காக வந்தது நேர்க்கோடு ஒன்றுதான். நேர்க்கோட்டிலேயே முடிகிற ஒரு படம் வேண்டும். அது எங்கள் ஊரிலேயே இருந்தது.

திருவெள்ளறைக்கு வந்தவர்கள் அந்தக் கிணற்றைப் பார்த்திருப்பீர்கள். நாலு பக்கமும் நாலு படிக்கட்டு. ஒவ்வொரு படிக்கட்டும் நேராக இறங்காமல் செங்கோணத்தில் ஒடிந்து திரும்பும். அதனால் ஒரு துறையில் நிற்பவர் கண்ணுக்கு அடுத்த துறையில் நிற்பவர் தெரிய மாட்டார். மேலிருந்து பார்த்தால், அதாவது நம் பாஷையில் 'பிளான்' போட்டால், அச்சாக ஸ்வஸ்திகா வடிவம். பல்லவ மன்னன் தந்திவர்மன் காலத்தில், அவனுடைய நாலாம் ஆட்சியாண்டில் ஆரம்பித்து ஐந்தாம் ஆட்சியாண்டில் முடித்ததாகக் கல்வெட்டு இருக்கிறது. வெட்டுவித்தவர் கம்பன் அரையன். கிணற்றுக்குப் பெயர் 'மார்ப்பிடுகு பெருங்கிணறு'. சுமார் 1,200 வருஷம் ஆகிறது. ஒரே வருஷத்தில் வேலை முடிந்திருக்கிறது பாருங்கள்! இன்றைக்கு ஒரு சிறு பாலத்துக்கு டெண்டர் விடவே அவ்வளவு நாள் ஆகிவிடுகிறது. மனித வாழ்க்கை நிலையில்லாதது என்று சொல்லும் ஒரு தமிழ்ப் பாட்டையும் அந்தக் கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள். பொங்கல் வாழ்த்துக்கு அது பொருந்தாது என்பதால் விட்டுவிட்டேன்.

ஆக, கிணற்றின் பிளானைக் கோடு கோடாகப் போட்டேன். படிகளுக்குச் சின்னச் சின்னக் குறுக்குக் கோடு. நடுவில் தண்ணீருக்குப் புள்ளி. டிராயிங் ஹாலில் வாத்தியார் கேட்டால் முழு மார்க் போட்டிருப்பார், அப்படி ஒரு சுத்தம். என் பெஞ்ச் நண்பன் எட்டிப் பார்த்து, "ஏண்டா, ஹிட்லர் கொடியாட்டம்ல இருக்கு" என்றான். "ஹிட்லர் பொறக்கறதுக்கு ஆயிரம் வருஷம் முன்னாடி வெட்டின கெணறுடா" என்றேன். கீழே 'திருவெள்ளறை' என்று பெயர் போட்டபின் அவனும் ஒப்புக்கொண்டான்.

தமிழ் எழுத்துக்கு வழி? அப்போதெல்லாம் கம்ப்யூட்டர் தானாகத் தமிழ் காட்டாது. ஒரு டி.டி.பி. சென்டரில் பார்ட் டைம் வேலை பார்த்த சீனியர் அண்ணன் ஃப்ளாப்பியில் பாமினி ஃபாண்ட் போட்டுக் கொடுத்தார். இதை விளக்க வேண்டும், ஏனென்றால் உங்களுக்கு இந்தத் தொல்லை தெரியாது. அந்த ஃபாண்டில் கம்ப்யூட்டர் உள்ளே வைத்திருப்பது தமிழ் இல்லை, ஆங்கில எழுத்துதான். 'எஃப்' எழுத்துக்குப் பதில் 'க' படத்தைக் காட்டு, 'ஜி' எழுத்துக்குப் பதில் 'ப' படத்தைக் காட்டு என்று ஒரு முகமூடி போட்டிருப்பார்கள். முகமூடி இருக்கிற மிஷினில் தமிழ். இல்லாத மிஷினில் இங்கிலீஷ் குப்பை. ஒவ்வொரு ஃபாண்டுக்கும் ஒவ்வொரு முகமூடி வேறு, ஒன்றில் அடித்தது இன்னொன்றில் வாசிக்க வராது. இதெல்லாம் எனக்கு அன்றைக்கே தெரிந்திருந்தால் இந்தக் கட்டுரையே இல்லை.

லேபில் டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர். ரிப்பன் வெளுத்துப்போய், எழுத்து வெயிலில் காய்ந்த புல் மாதிரி விழும். லேப் அசிஸ்டெண்ட் சாரிடம் கெஞ்சி நாலு மாதிரி அட்டை எடுத்துக்கொண்டேன். சனிக்கிழமை ஊருக்குக் கொண்டுபோனேன்.

அங்கேதான் நான் எதிர்பார்க்காதது நடந்தது. டைலர் மாமா அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நம்ம கெணறு!" என்றார். பிறகு உள்ளே பார்த்து, 'இப்படிக்கு' என்பதற்குக் கீழே நான் அச்சடித்திருந்த என் பெயரில் விரலை வைத்தார். "இங்க எங்க வீட்டுப் பேரு வருமா?" "வரும் மாமா, யார் பேரு வேணாலும் வரும்." "அச்சுலயா?" "அச்சுலதான்." அவ்வளவுதான். ஊரில் அச்சில் பெயர் வருவது என்றால் கல்யாணப் பத்திரிகை, இல்லாவிட்டால் கருமாதிப் பத்திரிகை. நடுவில் ஒரு நல்ல நாளுக்கு, இரண்டரை ரூபாயில், தன் பெயர், சம்சாரம் பெயர், பிள்ளைகள் பெயர் எல்லாம் அச்சில் வருகிறது என்றால் விடுவார்களா? சாயங்காலத்துக்குள் ஒன்பது வீடு. 64 அட்டை. எல்லோரும் முன்பணமே கொடுத்துவிட்டார்கள். 160 ரூபாய். வாழ்க்கையில் முதல் தடவையாக நான் சம்பாதித்த பணம்!

அப்பா கடையில் உட்கார்ந்தபடி இதையெல்லாம் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். ஆர்டர் கொடுத்த ஒன்பது வீடும் வருஷா வருஷம் அவரிடம் அட்டை வாங்குகிறவர்கள். அவர் ஒன்றும் சொல்லவில்லை. மாதிரி அட்டையை வாங்கிப் பார்த்து, "மடிப்பு நல்லாருக்கு" என்றார். நான் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன்.

லண்டனில் 1843-ல் ஹென்றி கோல் என்பவர், நண்பர்களுக்கெல்லாம் தனித்தனியே கடிதம் எழுத நேரமில்லாமல், ஹார்ஸ்லி என்ற ஓவியரைப் படம் போடச் சொல்லி அச்சடித்ததுதான் உலகத்தில் விற்பனைக்கு வந்த முதல் கிறிஸ்துமஸ் அட்டை. மிச்சமானவற்றை ஒரு அட்டை ஒரு ஷில்லிங் என்று விற்றார்களாம். அந்தக் காலத்தில் அது பெரிய காசு. அவருக்கும் நஷ்டம்தானா என்று எங்கேயும் படித்ததில்லை. நம் கணக்குக்கு வருவோம்.

திருச்சியில் ஒரு கடை. (பெயர் வேண்டாம். தப்பு அவர்கள் மேல் அவ்வளவாக இல்லை.) லேசர் பிரிண்ட் ஒன்று ஐந்து ரூபாய். கிணற்றுக்கு ஒரு மாஸ்டர், ஒன்பது வீட்டுக்கு ஒன்பது மாஸ்டர், ஆக 10 பிரிண்ட் 50 ரூபாய். அதை வைத்து ஜெராக்ஸ். 64 தாள், ஒவ்வொன்றும் திருப்பிப் போட்டு இரண்டு தடவை, தடவைக்கு 50 பைசா. அது 64 ரூபாய். மொத்தம் 114. மிச்சம் 46 ரூபாய். 'ஒரு தாளுக்கு ஒரு காசுதானே' என்று நான் போட்ட மனக்கணக்கில் 78 ரூபாய் லாபம் இருந்தது. தாளைத் திருப்பினால் காசும் திரும்ப ஒரு தடவை என்பது எனக்குத் தோன்றவில்லை. சரி, 46-ம் காசுதான்.

அன்று காலை கரண்ட் இல்லை. எனக்கு மதியம் பிராக்டிகல். ஃப்ளாப்பியைக் கடைப் பையனிடம் கொடுத்து, எதற்குப் பின் எது, தாளை எப்படித் திருப்ப வேண்டும், எந்தப் பெயர் எத்தனை காப்பி என்று ஒரு தாளில் படம் போட்டு எழுதிக் கொடுத்தேன். 114 ரூபாயையும் கொடுத்தேன். சாயங்காலம் வந்து வாங்கிக்கொள்வதாகச் சொல்லிவிட்டு ஓடினேன்.

சாயங்காலம் போனேன். கட்டி வைத்திருந்தான். மேலே கிணறு. ஆகா, லேசரில் கோடு ஒவ்வொன்றும் கத்தி மாதிரி! அச்சடித்த கிணற்றில் குதிக்கலாம் போல இருந்தது. அட்டையைத் திறந்தேன். நிஜமாகவே குதிக்கலாம் போல ஆகிவிட்டது.

'பொங்கல்' என்று இருக்க வேண்டிய இடத்தில், என், ஜி, எச், கியூ, ஒரு அரைப்புள்ளி, எஃப், ஒய், இன்னொரு அரைப்புள்ளி. அதற்குக் கீழே டைலர் மாமாவின் குடும்பம் முழுக்க இங்கிலீஷ் எழுத்தும் அரைப்புள்ளியுமாக வரிசையாக நின்றது. 64-லும் இதே. ஃபைலை மட்டும் ஃப்ளாப்பியில் போட்டுக் கொடுத்தேனே தவிர, ஃபாண்டைக் கொடுக்கவில்லை. அது இன்னொரு ஃப்ளாப்பியில், ஹாஸ்டல் டிரங்குப் பெட்டியில், சட்டைக்கு அடியில் பத்திரமாக இருந்தது.

"என்ன தம்பி இது?" என்றேன். குரலே வரவில்லை.

"நீங்க ஏதோ சங்கேத பாஷைல அடிச்சிருக்கீங்கன்னு நெனச்சேண்ணே" என்றான் அவன். அவன் முகத்தில் கேலி இல்லை, நிஜமாகவே அப்படித்தான் நினைத்திருக்கிறான். ஒன்று சொல்ல வேண்டும். தாளைத் திருப்பிப் போடுகிற விஷயத்தில் அவன் ஒரு தாள்கூடத் தப்புச் செய்யவில்லை. மறுபடியும் அடிக்க வேண்டுமானால் மறுபடியும் 114. கையில் இருப்பது 46. பொங்கலுக்கு இன்னும் ஆறு நாள். தபாலில் சேர வேண்டும்.

துறையூர் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, மடியில் 64 கிணற்றோடு ஊர் போனேன். டைலர் மாமாவிடம் என்ன சொல்வது, 160 ரூபாயை எங்கே போய்ப் புரட்டுவது என்பதைத் தவிர வேறு நினைப்பு இல்லை.

கடையில் அப்பா தனியாக இருந்தார். கட்டைப் பிரித்துக் காட்டினேன். அட்டையைத் திறந்து மூக்குக்கண்ணாடியை ஏற்றிப் பார்த்தார். கிட்டே பார்த்தார். தள்ளிப் பார்த்தார். "இது நம்மூரு எழுத்து இல்லையே" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. நின்றுகொண்டே முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அப்போதுதான் கயிறு கண்ணில் பட்டது. கயிறு நிறைய அட்டை. மற்ற வருஷங்களில் அந்த நாளுக்கெல்லாம் கயிறு வெறிச்சென்று இருக்கும், எம்.ஜி.ஆர். எப்போதோ காலியாகியிருப்பார். அந்த வருஷம் எம்.ஜி.ஆரும் இருந்தார், ரஜினியும் இருந்தார், எல்லா மாடும் இருந்தது.

"எத்தனைப்பா எடுத்தீங்க?" என்றேன்.

"எரநூறு."

"எத்தனை போச்சு?"

"போச்சு கொஞ்சம்" என்றார். பிறகு, "முப்பது போயிருக்கும்" என்றார்.

நான் பேசவில்லை. அவரும் பேசவில்லை. வெற்றிலைக்குத் தண்ணீர் தெளித்தார். கொஞ்ச நேரம் கழித்து, "முன்பக்கம் நல்லாத்தான இருக்கு? கத்தரிச்சு எடு" என்றார். "இந்த அட்டைய பிரிச்சா உள்ள இடது பக்கம் சும்மாத்தான் கெடக்கு. அங்க ஒட்டிடலாம். பேரை நான் எழுதறேன்."

அன்று ராத்திரி அம்மா மைதாமாவில் பசை காய்ச்சினாள். எலி தின்னாமல் இருக்கத் துளி மயில்துத்தம். நானும் தங்கையும் கிணற்றைக் கத்தரித்தோம். சிவகாசி அட்டையின் உள்ளே இடது பக்கம் ஒட்டினோம். வலது பக்கம் ஏற்கெனவே அச்சான வாழ்த்துக்குக் கீழே அப்பா ஒன்பது வீட்டுப் பெயரையும் எழுதினார். அப்பா எட்டாவதுதான் படித்தவர். ஆனால் சின்ன வயசில் சைன்போர்டு எழுதுகிறவரிடம் கொஞ்ச நாள் இருந்திருக்கிறார். கட்டை நிப்புப் பேனாவும் கருப்பு மையும் எங்கிருந்தோ எடுத்தார். 'ழ' போடும்போது கடைசிச் சுழியைக் கீழே இழுத்து ஒரு வீச்சு வீசுவார், பாமினி ஃபாண்டு பிச்சை வாங்க வேண்டும். நாலு மணிக்கு முடிந்தது. பசை காய்வதற்காக அரிசி மூட்டைக்கு அடியில் வைத்தோம். விடிந்ததும் நான் ஒன்பது வீட்டுக்கும் கொண்டுபோய்க் கொடுத்து, நடந்ததைச் சொல்லி, பிடிக்காவிட்டால் பணம் தருகிறேன் என்றேன். (எங்கிருந்து தருவேன் என்று யாரும் கேட்கவில்லை.) எட்டு வீட்டில் சரி என்றார்கள். ஒரு வீட்டில் மட்டும், "அச்சுல வரும்னியேப்பா" என்று முகம் வாடியது. அந்த அத்தையின் அந்த முகம் இன்னும் எனக்கு ஞாபகம் இருக்கிறது. வாங்கிக்கொண்டார். ஆனாலும்.

டைலர் மாமா ஒரு படி மேலே போய், "கையெழுத்துதான்யா லட்சணம்" என்று எங்கள் கடையிலேயே இன்னும் பத்து அட்டை வாங்கி, கிணறு இல்லாமலேயே, அப்பாவிடம் பெயர் எழுதி வாங்கிப் போனார். அதைப் பார்த்து இன்னும் சிலர் வந்தார்கள். கயிறு முழுசாகக் காலியாகவில்லை. ஒரு நாற்பது பரணுக்குப் போனது.

எல்லாம் முடிந்தபின் அப்பா கடன் நோட்டை எடுத்தார். 'பையன்' என்று தலைப்புப் போட்டார். அட்டை 64, அசல் விலை ஒரு ரூபாய், ஆக 64 ரூபாய். என் கையில் இருந்த 46-ஐ வாங்கிக்கொண்டார். பாக்கி 18 என்று எழுதி அடியில் கோடு போட்டார். நான் ஏதோ தியாகம், பாசம் என்றெல்லாம் சினிமா போல எதிர்பார்த்தேன். கடன் நோட்டில் டைலர் மாமாவுக்கு அடுத்த பக்கம் எனக்குக் கிடைத்தது. அரியர் பீஸ் அம்மாவின் சிறுவாட்டிலிருந்து போனது, அது தனிக் கதை. தியரி ஆஃப் ஸ்ட்ரக்சர்ஸ் அந்தத் தடவை பாஸ். இன்னொன்று இல்லை.

கத்தரித்தது போக மீந்த சங்கேத பாஷைத் தாள்கள் இரண்டு மாசம் எங்கள் கடையில் கடலைப் பொட்டலமாக மடிந்தன.

2000-ல் ஒரு கட்டட சைட்டில் அப்ரண்டிஸாகச் சேர்ந்து முதல் சம்பளம் வாங்கி வந்து அப்பாவிடம் கவரோடு கொடுத்தேன். எண்ணினார். 18 ரூபாயை எடுத்துக் கல்லாவில் போட்டார். நோட்டைத் தேடி எடுத்து, என் பெயரை அடித்தார். மிச்சத்தை அம்மாவிடம் கொடுக்கச் சொன்னார்.

அந்தப் பொங்கலுக்கு அடுத்த மாசம், 1999 பிப்ரவரியில், சென்னையில் தமிழ்நெட் 99 மாநாடு நடந்தது. எல்லோருக்கும் பொதுவாக ஒரு கீபோர்டு, ஒரே மாதிரி எழுத்துக் குறியீடு என்று பேசி முடிவெடுத்தார்கள். பேப்பரில் படித்தபோது எனக்குக் கோபம் கோபமாக வந்தது, ஒரு மாசம் முன்னாடி செய்திருக்கக் கூடாதா! உண்மையில் 1991-லேயே யூனிகோடில் தமிழுக்கு இடம் கொடுத்துவிட்டார்கள் என்பது பிறகுதான் தெரிந்தது. அது விண்டோஸில் வந்தது விண்டோஸ் 2000-ல்தான், லதா என்கிற ஃபாண்டோடு. இப்போது நீங்கள் போனில் 'பொங்கல்' என்று அடித்தால் அது அமெரிக்காவில் திறந்தாலும் பொங்கல்தான். அதன் அருமை, அரைப்புள்ளி பார்த்து அழுதவனுக்குத்தான் தெரியும்.

வேர்ட்பேடும் போய்விட்டது. 2024-ல் வந்த விண்டோஸ் 11 பதிப்பிலிருந்து எடுத்துவிட்டார்கள். பரவாயில்லை, லிப்ரே ஆபீஸ் இலவசமாகக் கிடைக்கிறது, அதில் எழுத்தைத் திருப்பவும் வரும். ஆனால் நான் இன்றைக்கும் தாளைத்தான் திருப்புகிறேன். மார்ஜின் அதேதான். இடது 4.5, மேலே 6.25. முதலில் ஒரு வேஸ்ட் பேப்பரில் போட்டுப் பாருங்கள். வெளியே கொடுத்து பிரிண்ட் எடுப்பதானால் பி.டி.எஃப். ஆக்கிக் கொடுங்கள், ஃபாண்டும் கூடவே போய்விடும். கூடவே நீங்களும் போய் நில்லுங்கள்.

அப்பாவுக்கு இப்போது எழுபத்தைந்து தாண்டிவிட்டது. கடையைத் தங்கை வீட்டுக்காரர் பார்த்துக்கொள்கிறார். அட்டைக் கயிறு கட்டி ரொம்ப வருஷம் ஆகிறது. போன பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தபோது பழைய கிணற்றுப் படத்தை மறுபடி வரைந்து பத்து அட்டை அடித்துக் கொண்டுபோய்க் காட்டினேன். உள்ளே எங்கள் எல்லோர் பெயரும் கலரில், அருமையான ஃபாண்டில். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

"அடுத்த தடவை பேரு போடாத" என்றார். "எடம் விட்டுட்டு வா, நான் எழுதிக்கறேன்."